எல்க் வேட்டை: குறி எங்கே வைப்பது, எப்போது சுடாமல் விடுவது?

புதுத்தடம்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு அருகில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டுதான் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, நவம்பர் ரைபிள் பருவத்துக்கு, எல்க் என்னும் இங்குள்ள பெரிய மானினத்தில் பெண் விலங்கு ஒன்றைச் சுடும் உரிமத்தைக் குலுக்கலில் பெற்றிருக்கிறேன். கையில் இருப்பது .308 அளவுத் தோட்டாவுக்கான ரைபிள். ஓராண்டாகச் சுடுதளத்தில் பழகிவருகிறேன்.

எல்க் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கையால் அடிபட்ட விலங்கொன்று கண்ணுக்கு மறைந்துபோய், எங்கோ ஒரு சரிவில் இரண்டு நாள் கிடந்து சாகக்கூடாது. சுடுதளத்தில் விசாரித்தால் ஒருவர் தோளெலும்பை உடை என்கிறார், ஒருவர் கழுத்தில் சுடு என்கிறார், மூன்றாமவர் தோளுக்குப் பின்னால் நெஞ்சில் சுடு என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெள்ளாற்றங்கரை:

தம்பி, மீக்கர் ஊருக்குக் கிழக்கே, ஒயிட் ரிவர் தேசியக் காட்டில் பதினெட்டு ஆண்டுகளாக எல்க் வேட்டைக்குப் போகிறேன். உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று இடங்களையும், குறி சரியாக விழுந்தால் என்ன ஆகும் என்று ஒப்பிடாதீர்கள்; அரைச்சாண் தவறினால் என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள். மூன்றாமவர் சொன்னதே சரி என்பது அப்போது விளங்கும்.

ஊரில் பண்டிகைக்கு ஆடு உரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு எல்க்கின் உள்ளமைப்பு புதிதாக இராது. நெஞ்சுக்கூட்டைப் பிளந்ததும், இரண்டு முன்சப்பைகளுக்கும் இடையில் இளஞ்சிவப்பாகப் பஞ்சுபோல நுரையீரல் விரிந்திருக்கும். நெஞ்செலும்பை ஒட்டினாற்போல, முன்னங்கால்கள் உடலோடு சேரும் இடத்து மூட்டுகளுக்கு நேராக இதயம் இருக்கும். நடுவே திரைபோல நிற்கும் உதரவிதானத்துக்குப் பின்னால் ஈரலும், அதற்கும் பின்னால் தழை நிறைந்த பெரிய இரைப்பையும் இருக்கும். எல்க்கிலும் இதே வரிசைதான். வளர்ந்த பெண் எல்க் ஏறத்தாழ 225 கிலோ, ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் என்பதால் எல்லாம் பெரிதாக இருக்குமே தவிர, இடம் மாறாது.

விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்கிறது என்று கொள்ளுங்கள். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே ஒரு கோட்டை மனத்தில் இழுங்கள். அடிநெஞ்சிலிருந்து முதுகுவரையுள்ள உயரத்தை மூன்று பங்காக்கினால், கீழ்ப்பங்கு முடிந்து நடுப்பங்கு தொடங்கும் இடத்தில் அந்தக் கோட்டின் மேல் குறி வையுங்கள். அங்கே பட்ட தோட்டா இரண்டு நுரையீரல்களையும் துளைத்துப் போகும். சற்றுக் கீழே இறங்கினால் இதயம். சற்று முன்னே போனால் தோள். நாலைந்து அங்குலம் பின்னே போனால்கூட நுரையீரலின் கடைப்பகுதியோ ஈரலோ அகப்படும். நம் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இடம் விலங்கின் உடலில் இது ஒன்றுதான்.

மேலே தவறுவதுதான் ஆபத்து. தோளுக்கு மேலே எல்க்கின் முதுகு உயர்ந்து தெரிவதைப் பார்த்து, அந்த உயரம் முழுவதும் நெஞ்சு என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த இடத்தில் முதுகெலும்பு வெளிக்கோட்டிலிருந்து வெகுவாகத் தாழ்ந்து செல்கிறது. அதற்கு மேலிருப்பவை நீண்ட முள்ளெலும்புகளும் தசையும் பிடரி மயிரும்தான். அங்கே பட்டால் தண்டுவடம் அதிர்ந்து விலங்கு அப்படியே சாய்ந்துவிடும், சாகாது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மூன்றாம் ஆண்டில் ஓர் ஆண் எல்க்கைச் சுட்டேன். இடி விழுந்ததுபோல் சாய்ந்தது. ரைபிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் பையை எடுக்கத் திரும்பினேன். மறுபடி நிமிர்ந்தபோது அது எழுந்து நின்றுகொண்டிருந்தது. நான் ரைபிளை எட்டுவதற்குள் ஸ்புரூஸ் மரங்களுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடினேன். முதல் நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு துளி இரத்தம் இல்லை. பதினெட்டு ஆண்டுகளில் நான் இழந்தது அந்த ஒன்றைத்தான், ஆனால் அது நின்ற இடம் இன்றும் எனக்குக் கண் முன்னால் இருக்கிறது. அன்றுமுதல், சுட்ட கணமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, ஸ்கோப்பிலிருந்து (குறிபார்க்கும் தொலைநோக்கியிலிருந்து) கண்ணை எடுக்காமல், விலங்கு கீழே விழுந்து அசைவற்றுக் கிடக்கும்வரை சுடத் தயாராகவே இருக்கிறேன். எல்க் நெஞ்சில் அடி வாங்கிய பிறகும் ஒன்றுமே நடவாததுபோல் சில நொடிகள் நிற்கும். நிற்கிறதே, தவறவிட்டோமோ என்று யோசிக்காதீர்கள். நின்றால் மீண்டும் சுடுங்கள்.

சுள்ளிக்காடு:

வெள்ளாற்றங்கரை ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் நான் கழுத்தில்தான் சுடுகிறேன். நின்ற இடத்திலேயே விழுகிறது, சப்பைக் கறி ஒரு துண்டுகூட வீணாவதில்லை. நூறு கஜத்துக்குள், உறுதியான தாங்கலோடு சுடுபவருக்கு அதில் என்ன தவறு இருக்கிறது என்பதையும் விளக்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரை:

உங்கள் கைத்திறமையை நான் ஐயப்படவில்லை. எல்க்கின் கழுத்து பருத்துத் தெரிகிறது. அதற்குள் உடனே வீழ்த்தக்கூடிய எலும்பு சில அங்குல அகலம்தான், அதுவும் கழுத்துக்குள் நேராகப் போகாமல் வளைந்து போகிறது. மேயும் விலங்கு உடலை அசைக்காமலே தலையைத் தூக்கும், திருப்பும், ஈயை விரட்டும். நீங்கள் விசையை அழுத்த முடிவெடுத்ததற்கும் தோட்டா போய்ச் சேர்வதற்கும் இடையில் அந்த எலும்பு இடம் மாறிவிடலாம். தப்பினால் மூச்சுக்குழாயோ, உணவுக்குழாயோ, தாடையோ கிழியும். தாடை உடைந்த விலங்கு ஓடும், ஒளியும், தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும். ஒரு விலா எலும்பின் கறியைச் சேமிப்பதற்காக அந்த வாய்ப்பைத் திறந்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. முதன்முறை போகிற ஒருவருக்கு அதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

தோளெலும்பை உடைப்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தார். கனமான தோட்டாவும் அதை ஆளத்தெரிந்த கையும் இருந்தால் அது பலிக்கும். ஆனால் முன்சப்பையில் பெரும்பகுதி எலும்புச் சிதறலும் கட்டிய இரத்தமுமாகப் போய்விடும். குறி சற்று உயர்ந்தால் நான் மேலே சொன்ன கதைதான்.

நாணொலி:

தம்பி, நான் வில் வேட்டைக்காரி. செப்டம்பரில் ஆண் எல்க் குரலெழுப்பும் பருவத்தில் போகிறவள். ரைபிள்காரருக்கும் பயன்படும் என்பதால் கோணத்தைப் பற்றியும், சுட்ட பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியும் எழுதுகிறேன்.

எல்க் எப்போதும் பாடப்புத்தகப் படம்போல் பக்கவாட்டில் நிற்காது. சற்று விலகிச் சாய்ந்து, பின்பக்கம் நம்மை நோக்கி இருக்கும்படி நின்றால் அது நல்ல நிலை. ஆனால் குறியை இந்தப் பக்கத்துத் தோலில் தேடக்கூடாது. அந்தப் பக்கத்து முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அம்போ தோட்டாவோ அதற்கு நேராக வெளியேறும்படி வைக்க வேண்டும். கோணம் கூடக்கூட, நுழையும் இடம் பின்னால் நகர்ந்து கடைசி விலா எலும்பை நெருங்கும். அதற்கும் பின்னால் போக வேண்டியிருந்தால் நடுவில் இரைப்பை வருகிறது, விட்டுவிடுங்கள்.

தலைப்பக்கம் நம்மை நோக்கிச் சாய்வாக இருக்கும்படி நிற்கும் விலங்கை நான் தொடவே மாட்டேன், ஏனெனில் தோளெலும்பு அம்பை நிறுத்திவிடும். ரைபிளுக்கு அது முடியும் என்பார்கள். அது அனுபவம் உள்ளவருக்கு. நேர் முன்புறம், நேர் பின்புறம், ஓடும் விலங்கு, படுத்திருக்கும் விலங்கு, இவை முதல் ஆண்டில் உங்களுக்கு இல்லை என்று இப்போதே முடிவுசெய்துகொண்டு போங்கள். காட்டில் நெஞ்சு படபடக்கும்போது புதிதாக முடிவெடுக்க வராது. கூட்டத்தைப் பார்த்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ரைபிள் தோட்டா ஓர் எல்க்கைத் துளைத்து, பின்னால் நிற்கும் இன்னொன்றையும் காயப்படுத்தும். உங்கள் எல்க்குக்குப் பின்னால் வெறும் மண் தெரியும்வரை காத்திருக்க வேண்டும்.

சுட்டதும் ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். விலங்கு எங்கே நின்றது, கடைசியாக எந்த மரத்தருகே மறைந்தது என்பதை ஒரு அடையாளத்தோடு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டால் எல்லா மரமும் ஒன்றுபோல் தெரியும். அரைமணி நேரம் கழித்து, நின்ற இடத்துக்குப் போய் மயிரையும் இரத்தத்தையும் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். பெரும்பாலும் நூற்றைம்பது கஜத்துக்குள் கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் ஈரல். நாலு மணி நேரமாவது விடுங்கள். பச்சையாகத் தழைத்துணுக்கும் புளித்த நாற்றமும் இருந்தால் இரைப்பை. எட்டு, பத்து மணி நேரம் தொடரவே கூடாது. தொடர்ந்தால் படுத்திருப்பது எழுந்து மைல் கணக்கில் போய்விடும். விட்டால் தானாகவே முதல் படுக்கையில் உயிர் விடும். வெயில் அடிக்கிற நாளில் கறி கெட்டுப்போகுமே என்ற பதைப்பு வரும். அந்தப் பதைப்பில்தான் பலர் விலங்கையும் கறியையும் சேர்த்து இழக்கிறார்கள்.

ஒரு சிறு விஷயம், எனக்கு யாரும் சொல்லித்தராதது. செப்டம்பரில் ஆஸ்பென் மரத்தின் இலைகள் மஞ்சளாக உதிர்ந்து தரையை மூடிக் கிடக்கும். அவற்றில் பல, இயல்பாகவே செம்பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். இருட்டுகிற நேரத்தில் எல்லாமே இரத்தம்போல் தெரியும். விரலை ஈரமாக்கித் தடவிப் பாருங்கள். இரத்தம் விரலில் ஒட்டும், இலைப்புள்ளி ஒட்டாது. ஒவ்வொரு துளியிலும் நாடாத்துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டே போனால், தடம் அறுந்த இடத்தில் திரும்பிப் பார்க்கும்போது நாடாக்கள் ஒரு திசையைக் காட்டும். அந்தத் திசையில், புற்களின் ஓரத்தில் உரசிய இரத்தத்தையும் தேடுங்கள். எல்க்கின் அடர்ந்த மயிர் நிறைய இரத்தத்தை உறிஞ்சிவிடுவதால், தரையில் விழுவது குறைவு.

புதுத்தடம்:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நூறு கஜத்தில், மேசைமேல் மணல்மூட்டையில் வைத்துச் சுட்டால் ஒன்றரை அங்குலத்துக்குள் மூன்று தோட்டாக்களையும் போட்டுவிடுகிறேன். அப்படியானால் 400 கஜம்வரை சுடலாம் என்று சுடுதளத்தில் சொன்னார்கள். உண்மையா?

வெள்ளாற்றங்கரை:

அந்த மேசை ரைபிளின் திறமையைக் காட்டுகிறது. உங்கள் திறமையைக் காட்ட வேறொரு சோதனை இருக்கிறது.

பத்து அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எல்க்கின் உயிர்நிலை அதைவிடச் சற்றுப் பெரியது. அந்த மிச்சம், மலையில் ஏற்படும் தடுமாற்றத்துக்கு. மேசையை விட்டு எழுந்து, தரையில் அமர்ந்து, முழந்தாளிட்டு, ஊன்றுகோலில் தாங்கி, முதுகுப்பைமேல் வைத்துக் குப்புறப்படுத்துச் சுட்டுப் பழகுங்கள். இருநூறு கஜம் ஏற்றத்தில் வேகமாக நடந்து வந்து, மூச்சு வாங்கும்போதே இருபது நொடிக்குள் முதல் தோட்டாவை விடுங்கள். அந்த முதல் தோட்டாதான் கணக்கு, பிறகு வருபவை பயிற்சி. எந்தத் தூரத்தில் பத்துக்குப் பத்து முறையும் தட்டில் பட்டதோ, அதுதான் உங்கள் எல்லை. நிற்கும் நிலையில் அது 80 கஜமாகவும், படுத்த நிலையில் 250 கஜமாகவும் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி 400 கஜத்துக்கு வருவோம். 200 கஜத்துக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த உங்கள் .308, 165 கிரெயின் (தோட்டா எடையின் அலகு) தோட்டாவோடு, 300 கஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். 400 கஜத்தில் ஏறத்தாழ இரண்டடி இறங்கும். தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரமானி சொல்லிவிடும், காற்றை யாரும் சொல்வதில்லை. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று 300 கஜத்திலேயே தோட்டாவை ஆறேழு அங்குலம் தள்ளும், அதாவது நுரையீரலிலிருந்து இரைப்பைக்கு. நீங்கள் படுத்திருக்கும் மேட்டில் ஒரு காற்றும், நடுப்பள்ளத்தில் வேறொரு காற்றும், எதிர்ச்சரிவில் மூன்றாவது காற்றும் வீசும் ஊர் இது. தோட்டா போய்ச்சேர எடுத்துக்கொள்ளும் அரை நொடியில் விலங்கு ஓர் அடி எடுத்துவைத்தாலும் அதே கதிதான். நெருங்கிப்போகத் தெரிந்தவர்தான் வேட்டைக்காரர் என்பது என் எண்ணம். காற்றுக்கு எதிராக, மடிப்புகளில் மறைந்து 150 கஜம் தவழ்ந்து போவதற்கான உடல்வலுவை இப்போதிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். 10,000 அடி உயரத்தில் டென்வர்க்காரருக்கும் மூச்சு முட்டும். முப்பது பவுண்டுப் பையோடு வாரத்தில் மூன்று நாள் ஏறுங்கள். இளைத்துப்போன ஆள் நல்ல கோணத்துக்காகக் காத்திருக்க மாட்டார், கிடைத்ததைச் சுடுவார்.

சட்டப்படி:

இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். கொலராடோவில் எல்க்குக்குத் தோட்டா குறைந்தது 85 கிரெயின் எடையும், விரிந்து மலரும் வகையும், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் உடையதாக இருக்க வேண்டும். இது சட்டத்தின் அடிமட்டம், பரிந்துரை என்று கொள்ளக்கூடாது. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து மறைவுக்கு அரைமணி பின்புவரை சுடலாம். ஆனால் மறைவுக்குப் பிறகு சுட்டால், இரத்தத் தடத்தை இருட்டில் தேட வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவும்.

இழையில் ஒருவர் தனிமடலில் எல்க்கைக் கடமான் என்று குறிப்பிட்டார். நம் அகராதிகள் சிலவும் அப்படித்தான் தருகின்றன. கடமான் என்பது நம் மலைக்காடுகளின் மிளா. எல்க் வேறு இனம். ஐரோப்பாவில் ஆங்கிலேயர் எல்க் என்று சொல்வது மூஸ் என்னும் வேறொரு பெரிய மானை. ஆகவே எல்க் என்றே எழுதுவோம்.

புதுத்தடம்:

பருவம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

என் சோதனையில் கிடைத்த எல்லை, அமர்ந்து ஊன்றுகோலில் 200 கஜம். முதல் நாள் விடியலில் ஒன்பது எல்க்குகள் எதிர்ச்சரிவில் தெரிந்தன. ரேஞ்ச்ஃபைண்டர் 240 என்றது. பெரிய பெண் எல்க் ஒன்று பக்கவாட்டில் நின்றது, அதன் பின்னால் ஒரு குட்டியின் காதுகள் தெரிந்தன. விரல் விசைக்காப்பின் வெளியிலேயே இருந்தது. அவை மேய்ந்தபடி மேட்டைத் தாண்டிப் போயின. அந்த நாளில் வேறெதையும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள், முழங்கால் அளவு பனியில், கீழ்ச்சரிவில் 160 கஜத்தில் ஒரு பெண் எல்க் தனியாக நின்றது. உட்கார்ந்து, கோலில் ரைபிளைத் தாங்கி, மூன்று மூச்சு விட்டேன். முதல் தோட்டாவுக்கு அது அசையவே இல்லை. ஐயா சொன்னது நினைவிருந்ததால் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, அது இரண்டு அடி எடுத்து வைத்து நின்றதும் மறுபடி சுட்டேன். நாற்பது கஜம் நடந்து படுத்தது. அரைமணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன். கை நடுக்கம் நின்றதும் இறங்கினேன். பனியில் இளஞ்சிவப்பு நுரை, இருபுறமும் தெறித்திருந்தது. பின்பக்கமாகச் சுற்றிப்போய் நீண்ட குச்சியால் கண்மணியைத் தொட்டுப் பார்த்தேன். இமை அசையவில்லை.

தோலை உரித்ததும், உள்ளே கைவைத்தால் இன்னும் நல்ல சூடு. பின்தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும் என்று படித்திருந்ததால், நாலு கால்களையும் உடனே பிரித்துத் துணிப்பைகளில் போட்டு ஸ்புரூஸ் நிழலில் தொங்கவிட்டோம். நண்பரும் நானும் சாலைக்கு மூன்று நடை. கடைசி நடை விளக்கு வெளிச்சத்தில்தான் முடிந்தது. மான்களுக்கு வரும் மூளை நலிவு நோய் இருக்கிறதா என்ற பரிசோதனைக்குத் தலையை ஒப்படைத்திருக்கிறேன். முடிவு வந்த பிறகே சமைப்போம்.

ஒரு கேள்வி. முதல் தோட்டா சரியான உயரத்தில் நுழைந்தும், அந்தப் பக்கம் வெகு தாழ்வாக, நெஞ்செலும்பை உரசிக்கொண்டு வெளியேறியிருந்தது. ஒரு நுரையீரலில் நடுவிலும் மற்றதில் விளிம்பிலும்தான் துளை. நான் என்ன தவறு செய்தேன்?

வெள்ளாற்றங்கரை:

நீங்கள் மேலிருந்து சுட்டீர்கள், தம்பி. தோட்டா சரிந்துதான் உடலுக்குள் போகும். சமதளத்துக்குச் சொன்ன குறியை அப்படியே வைத்தால் அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். நெஞ்சுக்கூட்டை ஒரு பீப்பாயாக எண்ணி, தோட்டா அதன் நடு அச்சைக் கடக்கும்படி, சரிவு செங்குத்தாக இருக்கும் அளவுக்கு நுழைவிடத்தை மேலே ஏற்ற வேண்டும். கீழிருந்து மேலே சுட்டால் இதற்கு நேர்மாறு. இதை உங்களுக்கு முன்பே எழுதாமல் விட்டது என் பிழை. வரும் கோடையில் சுடுதளத்தை விட்டுவிட்டு, சுட அனுமதியுள்ள காட்டுச்சரிவு ஒன்றில், பின்னால் மண்மேடு இருக்கும்படி தட்டை வைத்து மேலிருந்து பழகுங்கள். ஜூலையில் நானும் வருகிறேன்.